தனலக்ஷ்மி வீட்டு இணைப்பு ஏன் அறுந்தது

அமெரிக்க டாக்டர்கள் எல்லோரும் வாயில் எதையோ போட்டு மென்றுகொண்டேதான் பேசுவார்கள் என்பது தனலக்ஷ்மியின் தீர்மானமான கருத்து. அதை மறுத்துப் பேசி யாரும் அவளிடம் ஜெயித்ததில்லை. நோயாளியைப் பார்த்து முடித்ததும் அந்த டாக்டர்கள் ஒரு கருவியில் கடகடவென்று பேசி வைப்பார்கள். அந்த ஒலிப்பதிவு கடல் தாண்டி பெங்களூருக்கு வந்து, ஈஜிபுராவில் ஒரு சந்துக்குள் இருக்கும் அவளுடைய கம்ப்யூட்டரில் இறங்கும். அவள் ஹெட்போனை மாட்டிக்கொண்டு, ஓட்டி ஓட்டிக் கேட்டு, எழுத்தாக அடித்துத் திருப்பி அனுப்புவாள். மெடிக்கல் டிரான்ஸ்கிரிப்ஷன் என்று அதற்குப் பெயர். "வீட்ல குந்திக்கினே ஆபீஸ் வேலை பாக்குறா எம் பொண்ணு" என்று அவள் அப்பா பால்ராஜ் டீக்கடையில் சொல்லாத நாள் கிடையாது.

பெருமைப்பட அவருக்குக் காரணம் இருந்தது. அவர்கள் கோலார் தங்கவயல்காரர்கள். பால்ராஜ் சாம்பியன் ரீஃப் சுரங்கத்தில் எலெக்ட்ரிக்கல் பிரிவில் இருந்தவர். பூமிக்கடியில் ஒவ்வொரு தளத்திலும் இருந்த டெலிபோனையும் மணியையும் பழுதில்லாமல் வைத்திருப்பது அவர் பொறுப்பு. 2001இல் சுரங்கத்தை மூடினார்கள். குடும்பம் மூட்டை முடிச்சோடு பெங்களூருக்கு வந்தது. வந்த இடத்தில் பால்ராஜுக்குக் கிடைத்தது, கோரமங்களாவில் ஒரு அடுக்குமாடிக் கட்டடத்துக்கு வாட்ச்மேன் வேலை. கார் வந்தால் கேட்டைத் திறக்க வேண்டும், போனால் மூட வேண்டும். நேற்று முளைத்த பிள்ளைகள் எல்லாம் ஹாரனை அழுத்தி அவரைக் கூப்பிட்டன. தனலக்ஷ்மி ஒரு தடவை சாப்பாடு கொண்டுபோனபோது அதைப் பார்த்துவிட்டாள். வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டு அழுதாள்.

அன்றைக்கே டிரான்ஸ்கிரிப்ஷன் கோர்ஸில் சேர்ந்தாள். கல்யாணம் ஆனது, குழந்தை பிறந்தது, கணவன் ஜெயவேலு பொம்மசந்திரா பக்கம் ஒரு தொழிற்சாலையில் ஷிப்டு பார்த்தான். எதற்கும் அவள் படிப்பை விடவில்லை. வேலை கிடைத்த மறுவாரம் அப்பாவை ராஜினாமா செய்ய வைத்தாள். "இனிமே யார் ஹாரனுக்கும் நீ எழுந்துக்கக் கூடாது நைனா" என்றாள். பால்ராஜ் சிரித்துக்கொண்டே பேத்தி சங்கமித்ராவைத் தூக்கிக்கொண்டு வெளியே போய்விட்டார். கண் கலங்கியதை மகளிடம் காட்டுகிற ஆள் இல்லை அவர்.

இப்படி நன்றாகப் போய்க்கொண்டிருந்த பிழைப்பில் 2006ஆம் வருஷம் மழைக்காலத்தில் மண் விழுந்தது. பிராட்பேண்ட் படுத்தியது. நல்லபடி இறங்கிக்கொண்டிருக்கும் ஒலிப்பதிவு பாதியில் நிற்கும். முடித்து அனுப்பிய கோப்பு போய்ச் சேராது. மேலதிகாரி டோரீன், ரிச்சர்ட்ஸ் டவுன்காரர், தங்கமான மனுஷிதான். ஆனால் வேலை என்று வந்துவிட்டால் தங்கம் இரும்பாகிவிடும்.

"லுக் தனா, நேத்தும் உங்க ஃபைல் லேட்" என்று போனில் சொன்னார். "வீட்ல இருந்து வேலை செய்றவங்க எல்லார் லைனையும் செக் பண்ணச் சொல்லி மேல இருந்து ஆர்டர். அடுத்த மண்டே நானே உங்க லேண்ட்லைனுக்குக் கூப்பிடுவேன். நான் லைன்ல இருக்கும்போதே நீங்க ஸ்பீட் டெஸ்ட் ஓட்டணும். இருநூறு கேபிபிஎஸ்ஸுக்குக் கீழ போனாலோ, நடுவுல கட் ஆனாலோ, வீட்டு வேலை கட். ஆபீஸ்லயும் சீட் இல்ல, அதையும் இப்பவே சொல்லிடறேன்."

தனலக்ஷ்மி போனை வைத்தாள். வேலை போனால் என்ன ஆகும் என்று அவளுக்குத் தெரியும். பால்ராஜ் ஒரு வார்த்தை பேசாமல் திரும்பவும் அந்த கேட்டில் போய் நிற்பார்.

ஸ்பீட் டெஸ்ட் என்றால் என்னவென்றே அதுவரை அவள் யோசித்ததில்லை. அதற்கான இணையதளத்தைத் திறந்து பொத்தானை அழுத்தினாள். முள் ஆடி இருநூற்று முப்பதில் நின்றது. பரவாயில்லையே என்று சந்தோஷப்பட்டு ஒரு ஒலிப்பதிவை இறக்கினால், திரையில் வந்த சின்ன டவுன்லோடு பெட்டி வேகம் இருபத்தெட்டு என்றது. அவ்வளவுதான், மூக்கு நுனிக்குக் கோபம் வந்துவிட்டது. புகார் எண்ணுக்குப் போன் போட்டு, பட்டப்பகலில் கொள்ளையடிக்கிறீர்களா, இருநூற்று ஐம்பத்தாறு என்று சொல்லி விற்றுவிட்டு இருபத்தெட்டு கொடுக்கிறீர்களே, உங்களுக்கெல்லாம் மனசாட்சி இருக்கிறதா என்று பிடிபிடியென்று பிடித்தாள். எதிர்முனையில் இருந்த பெண் பொறுமைசாலி. முழுவதையும் கேட்டுவிட்டு, "மேடம், டெஸ்ட்ல வர்றது பிட் கணக்கு, டவுன்லோடு பெட்டியில வர்றது பைட் கணக்கு. எட்டு பிட் சேர்ந்தா ஒரு பைட். இருபத்தெட்டை எட்டால பெருக்கிப் பாருங்க" என்றாள். தனலக்ஷ்மி பெருக்கிப் பார்த்தாள். கணக்கு சரியாக வந்தது. சாரி சொல்ல வாய் வராமல், "சாப்ட்டீங்களா?" என்று கேட்டுவிட்டு போனை வைத்தாள்.

வேகம் வருகிறது. அப்படியானால் கோப்பு ஏன் நிற்கிறது? அங்கேதான் அவளுக்கு மண்டைக்குள் விளக்கு எரிந்தது. ஒரு தடவை சோதித்துவிட்டு நல்லாயிருக்கு, கெட்டுப்போச்சு என்று சொல்வதில் அர்த்தமில்லை. விட்டு விட்டு, வேறு வேறு நேரத்தில், மற்ற எல்லாவற்றையும் மூடிவிட்டுச் சோதிக்க வேண்டும். எந்நேரமும் குறைவாகவே இருந்தால் கம்பியிலோ கம்பெனியிலோ கோளாறு. சாயங்காலம் மட்டும் குறைந்தால், ஏரியாவே ஒரே சமயத்தில் உட்கார்ந்து நெட் பார்க்கிறது என்று அர்த்தம். அவள் வீட்டில் இரண்டும் இல்லை. காலை, மதியம், சாயங்காலம் எப்போது பார்த்தாலும் இருநூற்று முப்பதுக்கு ஒன்றிரண்டு முன்னே பின்னே. திடீரென்று, ஆளே இல்லாத நேரத்தில், எண் பொத்தென்று விழும். மோடத்தில் பச்சை விளக்கு கண் சிமிட்டும். கொஞ்ச நேரம் கழித்து ஒன்றுமே நடக்காததுபோல எல்லாம் திரும்பி வரும். ஆக, வேகம் குறையவில்லை. இணைப்பே அறுந்து அறுந்து ஒட்டுகிறது.

இவள் பொத்தானை அழுத்துவதும் எண்ணைப் பார்த்துப் பெருமூச்சு விடுவதும் அந்த வட்டாராவுக்கே தெரிந்துவிட்டது. ஒரே முற்றத்தைச் சுற்றி வரிசையாக வீடுகள், எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே கேட். அதைத்தான் அந்த ஊரில் வட்டாரா என்பார்கள். அங்கே ஒரு வீட்டில் தும்மினால் அடுத்த வீட்டில் கஷாயம் கொதிக்கும். வீட்டுக்காரம்மா அம்புஜம் தினமும் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்து, "இன்னிக்கு எவ்வளவு?" என்று காய்ச்சல் விசாரிக்கிற மாதிரி விசாரித்தாள். மோடத்துக்கு விபூதி பூசச் சொன்னாள். பெட்டிக்கு உள்ளே போகாமல் மேலாகப் பூசத் தனலக்ஷ்மி அனுமதித்தாள். எண் அசையவில்லை.

கம்பெனியிலிருந்து லைன்மேன் வந்தார். கம்பத்தில் ஏறி, கருவியை மாட்டிப் பார்த்து, இறங்கி வந்து, "நோடி, பாருங்க மேடம், இங்க வரைக்கும் லைன் சுத்தம். ப்ராப்ளம் உங்க வீட்டுக்குள்ளதான். எத்தனை போன் வச்சிருக்கீங்க?" என்றார்.

தனலக்ஷ்மி திரும்பி அப்பாவைப் பார்த்தாள். பால்ராஜ் கூரையைப் பார்த்தார்.

விஷயம் இதுதான். சுரங்கத்தில் ஒரு தளத்தில் போன் இல்லையென்றால் அந்தத் தளத்துக்கு ஆளை இறக்க மாட்டார்கள். முப்பது வருஷம் அதில் ஊறிய மனுஷன். இரண்டு அறையும் ஒரு சமையல்கட்டும் உள்ள வீட்டுக்கு வந்ததும், கையோடு ஒயரை இழுத்து ஹாலில் ஒரு போன், சமையல்கட்டில் ஒன்று, குளியலறைக் கதவுக்கு வெளியே ஒன்று, தன் கட்டில் தலைமாட்டில் சுரங்கத்திலிருந்து கழித்துப் போட்ட கறுப்பு டயல் போன் ஒன்று என்று மாட்டிவிட்டார். எல்லாம் ஒரே லைனில் கிளை பிரிந்தவை.

"குளிக்கிறவன் போன்ல யார்கிட்ட பேசப் போறான் நைனா?"

"வழுக்கி வுழுந்தா?"

லைன்மேன் சிரித்தார். பேச்சும் இன்டர்நெட்டும் ஒரே கம்பியில்தான் வருகின்றன, இரண்டையும் பிரிக்க ஸ்ப்ளிட்டர் என்று ஒரு சின்னப் பெட்டி உண்டு, அதன் வழியாக வராத போனை யாராவது எடுத்தால் இன்டர்நெட் அடிபடும் என்று விளக்கினார். பெட்டி மோடத்துக்குப் பக்கத்தில் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. அன்று சாயங்காலமே தனலக்ஷ்மி ஹால் போனை மட்டும் அந்தப் பெட்டியில் மாட்டிவிட்டு, மற்ற மூன்றையும் பிடுங்கி அட்டைப் பெட்டியில் போட்டாள். பால்ராஜ் முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டார். ஆனாலும் தடுக்கவில்லை.

மறுநாள் காலையில் நிம்மதியாக உட்கார்ந்து வேலையை ஆரம்பித்தாள். கொஞ்ச நேரம்தான். பச்சை விளக்கு சிமிட்டியது, கோப்பு நின்றது.

அவளுக்கு வந்த ஆத்திரத்தில் மோடத்தைத் தூக்கி முற்றத்தில் வீசியிருப்பாள். அதற்குப் பதில் ஹால் போனைத் தூக்கினாள், புகார் எண்ணுக்கு அடித்து அந்தப் பொறுமைசாலிப் பெண்ணின் பொறுமையை இன்னொரு முறை சோதிக்கலாம் என்று. காதில் வைத்தால் டயல் டோன் வரவில்லை. யாரோ மூச்சு வாங்கும் சத்தம் வந்தது.

"பால்ராஜி" என்றது ஒரு குரல். "ஏன்டா, நேத்திலேர்ந்து சத்தமே காணோம்? கீறியா?"

அது எத்திராஜ் மாமாவின் குரல். வட்டாராவின் கடைசி வீட்டில், ஒற்றை அறையில் தனியாக இருப்பவர். பால்ராஜுடன் ஒரே ஷிப்டில் சுரங்கத்துக்குள் இறங்கியவர். கல்தூசி நெஞ்சில் தங்கி, நாலு படி ஏறினால் நின்று மூச்சு வாங்குவார். அவர் வீட்டில் போன் இருப்பதாக யாருக்கும் தெரியாது.

தனலக்ஷ்மி போனை வைத்துவிட்டு வெளியே வந்து கூரையை அண்ணாந்து பார்த்தாள். டிவி கேபிளோடு கேபிளாக, யார் கண்ணுக்கும் படாதபடி இன்னொரு ஒயர் அவள் வீட்டிலிருந்து புறப்பட்டு, ஓடுகளின் மேல் ஊர்ந்து, டேப் சுற்றிய, மழையில் நனைந்த முடிச்சோடு கடைசி வீட்டுக்குள் நுழைந்திருந்தது.

"நைனா, இங்க வா."

பால்ராஜ் வந்தார். ஒயரைப் பார்த்தார், மகளைப் பார்த்தார்.

"எத்தினி நாளா?"

"இந்த வூட்டுக்கு வந்ததிலேர்ந்து. மூணு வருஷமா."

"தெனம் பேசுறீங்களா?"

"நீதான் காதுல அத மாட்டிக்கினு கீறியே. சமையல்கட்டுல மெதுவாத்தான் பேசுவேன்."

குழந்தையோடு பேசுகிறார் என்று இத்தனை நாள் நினைத்துக்கொண்டிருந்தாள் அவள். அடக்கிவைத்த கோபம் எல்லாம் பொங்கிவிட்டது. "எம் வேலை போயிடும் நைனா. திங்கக்கிழமை அந்தம்மா போன் பண்ணும்போது மாமா இத எடுத்தா எல்லாம் முடிஞ்சுது. நீ திரும்பிப் போய் அந்தக் கேட்டுல நிப்ப. நான் அத பாக்கணுமா?"

பால்ராஜ் தணிந்த குரலில் சொன்னார். "அவன் தனியா கீறான் தனம். மூச்சு எப்ப நிக்கும்னு சொல்ல முடியாது. எழுந்ததும் போனைத் தூக்கி கொக்கியை மூணு தட்டு தட்டுவான், எங்கிட்ட கீற மணி டிங்னு அடிக்கும். மணி மூணு தடவை அடிச்சா சுரங்கத்துல ஆளு மேல வர்றான்னு அர்த்தம். அது கேட்டாத்தான் எனக்கு உசிரு. அவன்கிட்ட இத சொல்லாத. ரோஷக்காரன். தனக்காகத்தான் ஒயர் இழுத்தேன்னு தெரிஞ்சா அறுத்து எறிஞ்சிடுவான்."

தனலக்ஷ்மிக்கு மனசு கேட்கவில்லை, வேலையை விடவும் மனசில்லை. கடைசியில், திங்கட்கிழமை ஒரு நாளைக்காவது அந்த ஒயரைக் கழற்றி வைக்கிறேன் என்று சொல்லிவிட்டு வரலாமென்று எத்திராஜ் வீட்டுக்குப் போனாள். அவர் கட்டிலில் சாய்ந்து ரேடியோ கேட்டுக்கொண்டிருந்தார். அவள் விஷயத்தைச் சொல்லி முடிப்பதற்குள் கையை ஆட்டித் தடுத்தார்.

"எனக்கு இன்னாத்துக்கும்மா போன்? தாராளமா அறுத்துடு" என்றார். பிறகு கதவுப் பக்கம் பார்த்து, யாரும் இல்லை என்று உறுதிசெய்துகொண்டு, குரலைத் தாழ்த்தினார். "ஆனா உங்கப்பனை நெனைச்சாத்தான் யோசனையா கீது. உங்கம்மா போனப்புறம் அவன் மனசு வுட்டுட்டான். சுரங்கமும் போச்சு, பொண்டாட்டியும் போச்சு. ஒருத்தன் குரல் கேட்டாத்தான் அவனுக்கு அந்த நாள் ஓடும். அதுக்குத்தான் நான் தெனம் எழுந்து மணி தட்டறது. மூச்சு வாங்குற அன்னிக்கும் தட்டுவேன். இத அவன்கிட்ட சொல்லிடாத தனம். ரோஷக்காரன்."

தனலக்ஷ்மி வாசல் படியில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். சிரிப்பு பீறிட்டுக்கொண்டு வந்தது. கூடவே கண்ணும் கரித்தது. இந்த ஒயரை இனி பத்து நிமிஷம்கூடத் தன்னால் கழற்ற முடியாது என்று அவளுக்கு அந்தப் படியிலேயே தெரிந்துவிட்டது.

கழற்ற முடியாதென்றால் வேறு வழி தேட வேண்டும். இரவு முழுக்கப் புரண்டு படுத்து யோசிக்கவெல்லாம் இல்லை. சங்கமித்ராவுக்குச் சோறு ஊட்டிக்கொண்டிருந்தபோதே வழி கிடைத்தது. தப்பு போனில் இல்லை, பெட்டி இருக்கும் இடத்தில் இருக்கிறது. மோடத்துக்குப் பக்கத்தில், வழியின் கடைசியில் அது உட்கார்ந்திருக்கிறது. அதற்கு முன்னாலேயே எல்லாக் கிளையும் பிரிந்துவிடுகிறது. அதைத் தூக்கி, தெருவிலிருந்து லைன் வீட்டுக்குள் நுழைகிற இடத்திலேயே வைத்துவிட்டால்? முதலில் இன்டர்நெட்டைப் பிரித்துத் தனி ஒயரில் நேராக மோடத்துக்குக் கொண்டுபோய்விடலாம். மிச்சமிருக்கிற பேச்சு எத்தனை வீட்டுக்குப் போனால் என்ன?

மறுநாள் பால்ராஜ் தன் பழைய கட்டிங் பிளேயரை எடுத்துக்கொண்டு வாசல் கதவுக்கு மேலே ஏறினார். மகள் கீழே நின்று எது எங்கே என்று சொல்ல, அவர் பிரித்து, முறுக்கி, ஒட்டினார். கூரை மேலிருந்த நனைந்த முடிச்சையும் புதிதாகப் போட்டார். அட்டைப் பெட்டியிலிருந்த கறுப்பு போனும் அவர் கட்டில் தலைமாட்டுக்குத் திரும்பியது. ஒட்டுவேலை அத்தனை சுத்தம், சும்மா சொல்லக்கூடாது. அதற்குப் பிறகு அவள் ஓட்டிய சோதனைகளில் எண் கீழே இறங்கவில்லை. ஆனால் டோரீன் போனில் இருக்கும்போது என்ன ஆகுமோ, அது அவளுக்கும் தெரியாது.

திங்கட்கிழமை வந்தது. அம்புஜம் பூஜையறையிலிருந்து குங்குமம் கொண்டுவந்து, இந்தத் தடவை மோடத்தை விட்டுவிட்டு தனலக்ஷ்மியின் நெற்றியில் வைத்துவிட்டு வாசலிலேயே நின்றுகொண்டாள். போன் அடித்தது.

"ரெடியா தனா? ஓட்டுறதுக்கு முன்னாடி ஒரு கேள்வி" என்றார் டோரீன். "இது எல்லார்கிட்டயும் கேட்கிறேன். உங்க லைன்ல வேற போன் கனெக்‌ஷன் ஏதாவது இருக்கா?"

இல்லை என்று ஒரு வார்த்தை சொன்னால் முடிந்துவிடும். தனலக்ஷ்மிக்கு நாக்கு அந்தப் பக்கம் திரும்பவில்லை.

"இருக்கு மேடம். அப்பா ரூம்ல ஒண்ணு. பக்கத்துல ஒரு மாமா வீட்ல ஒண்ணு."

"எடுத்துடுங்களேன். எதுக்கு ரிஸ்க்?"

"எடுக்க முடியாது மேடம். வேலை போனாலும் எடுக்க மாட்டேன்." சொல்லிவிட்டு அவளே திடுக்கிட்டுப்போனாள்.

"அப்போ அவங்க ரெண்டு பேரையும் இப்ப போனை எடுக்கச் சொல்லுங்க" என்றார் டோரீன். "மூணு போனும் எடுத்திருக்கும்போது உங்க ஸ்பீட் இறங்காம இருக்கான்னு பார்த்துடலாம். இறங்கலைன்னா ஓகே."

தனலக்ஷ்மி அப்பாவைக் கண் ஜாடையால் உள்ளே அனுப்பினாள், அம்புஜத்தை எத்திராஜ் வீட்டுக்கு ஓடவிட்டாள். கறுப்பு போன் எழுந்த சத்தம் காதில் விழுந்தது. தூரத்து மூச்சும் வந்து சேர்ந்தது. பொத்தானை அழுத்தினாள். முள் நடுங்கிக்கொண்டே ஏற ஆரம்பித்தது.

"அப்படி என்ன அவசியம் தனா, அந்த கனெக்‌ஷன்?" என்றார் டோரீன், அது ஏறும் வரைக்கும் பேச்சுக்காக.

தனலக்ஷ்மியின் கண் முழுக்க முள்ளிலேயே இருந்தது. யார் யார் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள் என்பதை அந்த நிமிஷம் சுத்தமாக மறந்துவிட்டாள். "அந்த மாமாவை எங்கப்பா பாத்துக்கிறாரு மேடம். எங்கப்பாவை அந்த மாமா பாத்துக்கிறாரு. ரெண்டு பேருக்கும் அது தெரியாது."

"யாரு யாரைடா பாத்துக்கிறது?" என்றார் எத்திராஜ்.

"நீ சும்மா இரு. மூணு வருஷமா உன்னக் காவல் காத்துக்கினு கீறது நானு" என்றார் பால்ராஜ்.

"காவலா? தெனம் காத்தால மூச்சப் புடிச்சிக்கினு எழுந்து மணி தட்டறது யாருக்கோசரம்னு நெனைச்ச?"

"எனக்கோசரமா?"

"பின்ன, எனக்கா?"

டோரீன் சிரிக்கத் தொடங்கிவிட்டார். டெஸ்ட் பாஸ் என்று அவர் சொன்னதுகூட அந்தச் சண்டையில் சரியாகக் கேட்கவில்லை. தனலக்ஷ்மி திரையைப் பார்த்தாள், இருநூற்று முப்பத்தொன்று. இன்னொரு தடவை ஓட்டினாள். இரண்டு பேரும் விட்டுக்கொடுக்காமல் கத்திக்கொண்டே இருந்தார்கள். எண் இறங்கவில்லை.